கல்லுக்கு உடுத்திய ஆடை

பண்டைய அரபுப் புவியியலார் ‘பஹ்ருர் ரூம்’ என்று குறித்த கடலை இன்றைய அரபுலகம் ‘அல்பஹ்ருல் அப்யளுல் முதவஸ்ஸித்’ என்கிறது. நடுவில் அமைந்த வெண்கடல் என்பது அதன் பொருள். தமிழில் மத்தியதரைக் கடல் என்று வழங்குகிறோம். வடகரையில் ஸ்பெயினும் இத்தாலியும் கிரேக்கமும், கீழ்க்கரையில் ஷாம் தேசமும், தென்கரையில் மிஸ்ரும் மக்ரிபும் உள்ளன. சமயத்தாலும் மொழியாலும் வேறுபட்ட இக்கரைகளை வீடு கட்டும் முறை ஓரளவு உறவாக்கியிருக்கிறது. சுவருக்குச் சுண்ணம் பூசுவது, தெருவுக்கு முதுகு காட்டி வானுக்கு முற்றம் திறப்பது, வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுவது ஆகியவை அக்கரைகள் பலவற்றுக்கும் பொதுவான பழக்கங்கள்.

இக்கடலின் பெயர் இப்போது நம் திருச்சிராப்பள்ளியின் உணவகப் பலகைகளிலும் ஏறியிருக்கிறது. உள்ளே பரிமாறப்படும் மந்தி அக்கடலைச் சேர்ந்ததன்று. அரபிக்கடலை நோக்கிய ஹளரமவ்த் நாட்டுச் சமையல் அது. பனியையும் ஈரத்தையும் குறிக்கும் ‘நதா’ என்ற வேரிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். தரையில் அமர்ந்து உண்ணும் மஜ்லிஸ் அறை வளைகுடா நாட்டு வழக்கம். ஷவர்மா ஒன்றுதான் உண்மையில் அக்கடற்கரைக்கு உரியது. உணவில் நேர்ந்துள்ள இக்கலப்பு பற்றி நமக்கு வழக்கில்லை. சமையல் என்றுமே எல்லை தாண்டித்தான் வந்திருக்கிறது. நம்மூரில் நன்றாகவே சமைக்கிறார்கள். இக்கட்டுரை உண்பவனைச் சூழ்ந்திருக்கும் சுவரையும் தரையையும் பற்றியது.

நகரின் புதிய பகுதியொன்றில் உள்ள அத்தகைய உணவகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டா, இதன் உடன்பிறப்புகள் தமிழகத்தின் பல ஊர்களிலும் உண்டு. சிமெண்ட் சுவர்மீது சொரசொரப்பான டெக்ஸ்சர் பெயிண்ட் பூசிச் சுண்ணாம்புச் சுவரின் தோற்றம் வரவழைக்கப்பட்டிருக்கிறது. தூண்களுக்கிடையே ஜிப்சம் பலகையால் வளைவுகள். வளைவுகளின் நடுவே எண்முனை விண்மீன் வடிவில் எந்திரம் அறுத்த எம்.டி.எஃப். பலகைகள்; அவற்றின் பின்னே நீல விளக்கு. தரையில் மொராக்கோ நாட்டு ஓடு அச்சிடப்பட்ட வினைல் விரிப்பு. மூலையில் நெகிழி ஆலிவ் மரம், ஃபைபரில் வார்த்த மதுச்சாடி. மேலே ஃபால்ஸ் சீலிங். அதன் பெயரிலேயே பொய் இருப்பதை அதைச் செய்வோர் மறைக்கவில்லை என்பது ஓர் ஆறுதல். ஓர் அறையில் சிவப்புப் பாலியஸ்டர் திண்டுகள். அவற்றுக்கு மேலே சுவர் முழுதும் அரபு எழுத்துகள்.

இவ்வளவுக்குள் எந்தப் பொருளும் தானாக நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றும் வேறொன்றின் முகத்தை அணிந்திருக்கிறது.

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஒரு செய்தி இங்கு நினைவுக்கு வருகிறது. ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலில் ஒரு வேலைப்பாடுள்ள துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். பயணத்திலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள் அதனை விரும்பவில்லை, இழுத்துக் கிழித்துவிட்டார்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு நாம் பணிக்கப்படவில்லை என்ற கருத்தில் அப்போது அவர்கள் கூறிய சொல் பிரசித்தம். இதிலிருந்து சுவருக்குத் திரையிடுவதன் சட்டநிலையை அறிஞர்கள் ஆராய்ந்திருக்கின்றனர். இமாம் நவவீ அதனை விலக்கப்பட்டதாகக் கொள்ளாமல் விரும்பத்தகாததாகக் கொள்கிறார். நமக்கு இங்கே முக்கியமானது அச்செய்தியின் பிற்பகுதி. கிழிந்த அதே துணியைக் கொண்டு ஆயிஷா (ரலி) அவர்கள் இரு தலையணைகள் செய்து பேரீச்ச நாரை அடைத்தார்கள். அதற்கு மறுப்பு எழவில்லை. துணி அதே துணிதான். சுவரின்மேல் அதற்கு வேலையில்லை, தலைக்கடியில் வேலை இருந்தது. கட்டடப் பொருளை மதிப்பிட இதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டியதில்லை. ஒரு பொருள் விலையுயர்ந்ததா, உள்ளூரதா, வெளிநாட்டதா என்பதெல்லாம் பிறகு. அது இருக்கும் இடத்தில் என்ன செய்கிறது என்பதே முதற்கேள்வி.

இக்கேள்வியைச் சுவரிடம் கேட்போம். மத்தியதரைக் கரைகளின் வெண்மை அழகுக்காகத் தோன்றியதன்று. சுட்ட சுண்ணாம்பு வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அதன் காரத்தன்மையால் பூஞ்சை எளிதில் படராது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு அது மீண்டும் கல்லாக இறுகுகிறது. சுவரின் ஈரத்தை உள்ளே அடைக்காமல் வெளியே விடுகிறது. மர்ராகுஷ் நகரத்துக் கைவினைஞர்கள் இதனை ஒரு படி மேலே கொண்டுசென்றனர். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வழுவழுப்பான கல்லால் அழுத்தித் தேய்த்து, ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைப் பூசுவர். சோப்பும் சுண்ணாம்பும் கூடி நீர் புகாத மெல்லிய தோலாகின்றன. குளியலறைகளுக்கும் நீர்த்தொட்டிகளுக்கும் அங்கே இதுவே பூச்சு. ‘தத்லாக்த்’ என்ற அதன் பெயரில் தேய்த்தலைக் குறிக்கும் ‘தலக’ என்ற அரபு வேர் இருக்கிறது.

இந்த வருணனையைக் காரைக்குடிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவரிடம் படித்துக் காட்டினால் அவர் வியக்கமாட்டார். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, நாட்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய் நீரும் பனைவெல்லமும் சேர்த்து அரைத்து, பல படைகளாகப் பூசி, கடைசிப் படையில் முட்டை வெண்கருவைக் கலந்து, கூழாங்கல்லால் கண்ணாடிபோல் மின்னும்வரை தேய்ப்பது நம் நாட்டு முறை. மதுரையில் திருமலை நாயக்கர் மஹாலின் தூண்கள் சுண்ணச் சாந்தால் மெழுகப்பட்டவை. திருச்சியில் மலைக்கோட்டையின் அடியில் இன்று அரசு அருங்காட்சியகமாக இருக்கும் நாயக்கர் தர்பார் மண்டபத்திலும் அதே கைத்திறனைக் காணலாம். அங்குள்ள வளைவுகளின் வடிவில் முஸ்லிம் கட்டடக் கலையின் சாயல் இருப்பதையும் கூர்ந்து நோக்குவோர் அறிவர். அங்கே ஆலிவ் சோப்பு, இங்கே முட்டை வெண்கரு. மற்றபடி சுண்ணாம்பும் கல்லும் கையும் ஒன்றே. ஆக, அந்த உணவக உரிமையாளர் தேடிய மத்தியதரைச் சுவர் அவருடைய ஊரிலேயே நூற்றாண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது. அவர் வாங்கியதோ அக்ரிலிக் பிசினால் ஆன ஒரு படலம். அது சுவரின் மூச்சை அடைக்கும். பின்னாலிருந்து ஈரம் ஏறினால் கொப்புளித்து உரியும்.

தரையின் கதையும் ஏறக்குறைய இதுவே. வினைல் விரிப்பில் அச்சிட்டிருக்கும் பூவேலை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கு ஐரோப்பாவில் தோன்றி அக்கடலின் கரையெங்கும் பரவிய சிமெண்ட் ஓடுகளின் நகல். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஓடு ஆத்தங்குடியில் இன்றும் கையால் வார்க்கப்படுகிறது. கண்ணாடியின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து உலர்த்துவர், சூளையில் சுடுவதில்லை. மிதிக்க மிதிக்க மெருகேறும் தரை அது.

இனி எம்.டி.எஃப். பலகைக்கு வருவோம். அதன் மூலம் மஷ்ரபிய்யா. குடித்தலைக் குறிக்கும் ‘ஷரிப’ என்ற வேரிலிருந்து இச்சொல் பிறந்தது என்று ஒரு சாராரும், மேலிருந்து நோக்குதலைக் குறிக்கும் ‘அஷ்ரஃப’ என்பதன் திரிபு என்று மற்றொரு சாராரும் கூறுவர். முதற்கருத்தே எனக்கு ஏற்புடையது. ஏனெனில் கெய்ரோ வீடுகளின் அப்பலகணிகளில் மண்சாடிகளில் குடிநீர் வைக்கும் வழக்கம் இருந்தது. பின்னலின் வழியே வரும் காற்று, கசியும் சாடியைத் தழுவி, தண்ணீரையும் குளிர்வித்துத் தானும் குளிர்ந்து அறைக்குள் நுழையும். எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ (1900–1989) இதன் வேலைகளை எண்ணிக் காட்டியிருக்கிறார்: ஒளியைத் தணித்தல், காற்றை நடத்துதல், வெப்பத்தைக் குறைத்தல், காற்றில் ஈரம் சேர்த்தல், வீட்டாரின் மறைவைக் காத்தல். பெருமரம் அரிதான மிஸ்ரில், துண்டு மரங்களைக் கடைந்து ஆணியின்றிக் கோத்து இதனைச் செய்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வறுமையிலிருந்து பிறந்த நுட்பம் அது.

நம் உணவகத்தில் இப்பின்னல் சன்னலே இல்லாத சுவரில் திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறது. அதன் பின்னால் காற்றில்லை, வெளிச்சமில்லை, நீரில்லை. ஒட்டிய ஒரு விளக்கு நாடா மட்டும் உண்டு. மேசையைச் சுற்றி எல்லாம் கடினமான சமதளங்களாகையால் பத்துப் பேர் பேசினால் நூறு பேரின் இரைச்சல் எழுகிறது. ஓட்டைகளில் சேரும் எண்ணெய்த் தூசியைத் துடைக்க ஒரு பையன் தினமும் ஏணி ஏற வேண்டியிருக்கிறது.

உணவகமொன்றில் இத்தகைய பின்னல் வேலை செய்யுமா என்று ஐயுறுவோர் திருவனந்தபுரம் தம்பானூரில் லாரி பேக்கர் (1917–2007) கட்டிய இந்தியன் காபி ஹவுஸைப் பார்க்கலாம். சுருண்டு ஏறும் செங்கல் உருளை அது. சரிவான நடைபாதையே தரை. சுற்றுச்சுவரில் விட்ட துளைகளே சன்னல்கள். மேசைகளும் இருக்கைகளும் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டவை. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் சிக்கனமான உணவகம். அலங்காரம் என்று தனியே ஒன்றும் கிடையாது. பேக்கர் பிறப்பால் ஆங்கிலேயர், குவேக்கர் சமயத்தவர். அக்கட்டடத்தை இஸ்லாமியக் கலை என்று யாரும் சொன்னதில்லை. ஆயினும் மஷ்ரபிய்யாவின் அறிவு, நீல விளக்கெரியும் நம் விண்மீன்களைவிட அங்கேதான் குடியிருக்கிறது என்பேன்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கிரனடாவின் அல்ஹம்ரா மாளிகையை உலகம் போற்றுகிறதே, அதன் சுவர்களில் பெரும்பகுதி ஜிப்சம் தானே, செங்கல்லையும் மண்ணையும் அது மூடித்தானே இருக்கிறது என்று கேட்கலாம். உண்மை. அச்சு வைத்து வார்க்கவும் செய்தார்கள். எனவே ஜிப்சத்தின்மீது குற்றமில்லை, மலிவின்மீதும் குற்றமில்லை. ஆனால் பதினான்காம் நூற்றாண்டின் அக்கைவினைஞர்கள் சாந்தைச் சாந்தாகவே காட்டினார்கள். எவ்வளவு மெல்லியதாகச் செதுக்க முடியும், எவ்வளவு ஒளியைப் பிடித்து உடைக்க முடியும் என்று அப்பொருளின் எல்லைவரை சென்றார்கள். அதனைப் பளிங்கென்று நம்பவைக்க முயலவில்லை. பளிங்கு தேவைப்பட்ட தூணுக்குப் பளிங்கையே இட்டார்கள்.

எழுத்தைப் பற்றியும் அல்ஹம்ரா நமக்குப் பாடம் சொல்கிறது. அங்கே சிங்கங்கள் முற்றத்து நீரூற்றின் விளிம்பில் பொறித்திருக்கும் கவிதை, அமைச்சரும் கவிஞருமான இப்னு ஸம்ரக் இயற்றியது. அந்நீரையும் அப்பளிங்கையும் பற்றியே அது பேசுகிறது. சுவர் தன்னைத் தானே வாசிக்கிறது எனலாம். நம் உணவகச் சுவரிலோ, அரபு கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட என்னால் ஒரு சொல்லையும் வாசிக்க முடியவில்லை. அரபு எழுத்து வலமிருந்து இடமாகச் சேர்ந்து ஓடுவது. கணினியில் அதற்கேற்ற வசதியில்லாமல் ஒட்டியதால் எழுத்துகள் தனித்தனியே பிரிந்து, இடமிருந்து வலமாகத் திரும்பி நிற்கின்றன. தமிழறியாத ஒருவர் ‘கோயில்’ என்று எழுதப்போய்க் கொம்பை ஓரிடத்திலும் காலை ஓரிடத்திலும் சிதறவிட்டதற்கு இது நிகர். வாசிக்க இயலாதது ஒருவகையில் நல்லதே என்று கருதுமளவுக்கு, வேறு சில உணவகங்களில் திருமறை வசனங்களே கைகழுவும் தொட்டிக்கு மேலே அக்ரிலிக் தகட்டில் மின்னுகின்றன. குர்ஆனையும் இறைத்திருநாமங்களையும் சுவர்களிலும் ஆடைகளிலும் பொறிப்பது ஷாஃபிஈ மத்ஹபில் வெறுக்கத்தக்கது என்று இமாம் நவவீ தமது ‘அத்திப்யான்’ நூலில் எழுதியிருப்பதை இவ்வுணவகங்களின் உரிமையாளர்கள் அறியாதிருக்கலாம். வாடிக்கையாளர்களாகிய நம்மில் பலர் அறிவோம். அறிந்தும், ‘நம்ம சூழல்’ என்று மகிழ்ந்து படம் எடுத்துக்கொள்கிறோம்.

இம்மகிழ்ச்சிதான் என்னை எழுதத் தூண்டியது. அலங்கார வியாபாரிக்கு அது ஒரு வடிவமைப்பு. நமக்கோ அது நம் அடையாளம் என்ற எண்ணமாகிவிட்டது. திருமண மண்டபத்துக்கு அதே வளைவு, புதுவீட்டின் கூடத்துக்கு அதே விண்மீன் பலகை, பள்ளிவாசல் புதுப்பிக்கப்பட்டால் அங்கும் அதே ஜிப்சமும் பளபளக்கும் ஓடும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் திராவிடக் கற்றூண்களை நிறுத்திப் பள்ளிவாசல் கட்டினார்கள். மெஹர்தாத் ஷுகூஹி அவற்றை அளந்து வரைந்து 2003இல் ஒரு பெருநூலே வெளியிட்டார். திருச்சியிலேயே கோட்டை இரயில் நிலையத்தின் அருகில் மண்டபம்போன்ற சிறு கல்பள்ளி ஒன்று உண்டு. அதன் அரபுக் கல்வெட்டு ஹிஜ்ரி 116ஐக் குறிக்கிறது என்பர்; அது பொது ஆண்டு 734. குவிமாடமோ வளைவோ இல்லாத தட்டைக் கூரை. அவ்வாண்டைப் பெருமையோடு மேடைகளில் சொல்லுகிறோம். அக்கட்டடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் விடை சொல்லக்கூடியவர் சிலரே.

காவிரியைக் கடந்து திருவரங்கம் சென்றால் வேறொன்று தெரியும். உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் அண்டை வீட்டோடு சுவர் பொது. தெருவை நோக்கித் திண்ணை, அடுத்து இருண்ட குறுகிய ரேழி, பிறகு கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம், கடைசியில் கிணற்றோடு கொல்லை. ‘இடைகழி’ என்ற பழந்தமிழ்ச் சொல்லே மருவி ரேழியாயிற்று. ஃபாஸ் நகரத்திலோ திமிஷ்கிலோ ஒரு பழைய வீட்டில் நுழைபவரும் இவ்வாறே ‘திஹ்லீஸ்’ என்னும் இடைகழியில் கண் இருண்டு, பிறகு முற்றத்தின் ஒளிக்கு வருவார். வெயிலிலிருந்து நிழலுக்கும் நிழலிலிருந்து தணிந்த ஒளிக்கும் உடலைப் பழக்கும் இந்த வரிசை, இரு நாடுகளும் தத்தம் வெயிலிடம் கற்றது. நம் உணவகத்தில் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் ஏ.சி. குளிர் முகத்தில் அறைகிறது.

திருவரங்கக் கோயிலில் துலுக்க நாச்சியார் சன்னிதி இருப்பதை வாசகர்கள் அறிவர். அக்கதையின் வரலாற்றுத் தகுதியையும் அதன் சமயப் பொருளையும் நாம் இங்கே விவாதிக்கவில்லை. நம் கொள்கை வேறு. ஒரு செய்தி மட்டும் இக்கட்டுரைக்கு உரியது. அங்கே அப்பெண்ணுக்குச் சிலை கிடையாது. சுவரில் தீட்டிய ஓவியமே உண்டு. முஸ்லிம்கள் சிலையை ஏற்பதில்லை என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. படையலில் ரொட்டியும் வெண்ணெயும் இடம்பெறுகின்றன. அயலாரின் வழக்கத்தை எடுத்தாண்டவர்கள், அவ்வழக்கத்தின் பின்னுள்ள காரணத்தையும் தமக்கு விளங்கிய அளவில் மதித்து எடுத்திருக்கிறார்கள். நம்முடைய பொருளையே நாம் காரணத்தைக் கழித்துவிட்டு வாங்குகிறோம்.

உரிமையாளர்கள் பக்கமும் பேச வேண்டும். அவர்கள் இருப்பது வாடகைக் கட்டடத்தில். சில ஆண்டுகளுக்கே ஒப்பந்தம். சுண்ணாம்புப் பூச்சுக்கு வாரக்கணக்கில் காலம் வேண்டும். பிறருடைய சுவரில் அதைச் செய்துவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது. பலகையென்றால் கழற்றி எடுத்துச் செல்லலாம். முற்றம் வெட்ட இயலாது. கைதேர்ந்த ஆட்கள் கிடைப்பதில்லை என்றும் சொல்வார்கள். அதை மட்டும் முழுதாக ஏற்பதற்கில்லை. திருவரங்கக் கோயிலில் அண்மைக் காலத்தில் நடந்த பெரும் சீரமைப்பில் பிற்காலச் சேர்க்கைகளை நீக்கிப் பழைய சுண்ணச் சாந்து முறையையே கையாண்டார்கள். 2017இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. சாந்து அரைக்கத் தெரிந்த கைகள் ஆற்றுக்கு அப்பால் வேலை செய்திருக்கின்றன.

சுவரைத் தொட முடியாதவர் கழற்றி எடுத்துச் செல்லக்கூடியவற்றில் தொடங்கலாம். வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க வாரங்கள் வேண்டியதில்லை. சில நாட்கள் போதும். பின்னலை மூடிய சுவரிலிருந்து கழற்றித் திறக்கும் சன்னலுக்கு மாற்றி, அதன்முன் கசியும் மண்பானையில் குடிநீர் வைக்கலாம். மஜ்லிஸ் அறையின் பாலியஸ்டர் விரிப்புக்குப் பதிலாகக் காவிரிக் கரையில் முசிறிப் பக்கத்தில் நெய்யும் கோரைப்பாய் இருக்கிறது. குளிர்ச்சியானது, கறியின் நெய் சிந்தினாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். திண்டுகளுக்கு உறை வேண்டுமானால் உறையூர் இருக்கிறது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க மொழிக் கடல்வழிக் குறிப்பு ‘அர்காரு’ என்ற ஊரின் மெல்லிய பருத்தித் துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. மத்தியதரைக் கடலோடு திருச்சிக்கு உள்ள மெய்யான உறவு அந்தத் துணியால் ஏற்பட்டது. உறையூரில் கைத்தறிகள் வெகுவாகக் குறைந்துவிட்டன, முற்றாக நின்றுவிடவில்லை. தில்லைநகரிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம்.